ஹால் 10 அடி; டிவி எத்தனை இன்ச்?

கேள்வி: தோட்டத்து லயத்தை விட்டு இப்போதுதான் பட்டணத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு வரிசை வீட்டுக்கு வந்திருக்கிறோம். ஹாலின் அகலம் 10 அடி. ஒரு சுவரோரம் சோபா, எதிரே டிவி அலமாரி. பழைய 32 இன்ச் டிவி பழுதாகிவிட்டது, தீபாவளிக்குள் புதிது வேண்டும். "10 அடி இருக்குல்ல, 65 எடுங்க, தவணை போட்டுக்கலாம்" என்கிறார் கடைக்காரர். மகனுக்கும் 65தான் ஆசை. மாமியார் பாயில் உட்கார்ந்துதான் தொடர் பார்ப்பார். அலமாரியில் டிவி வைக்கும் இடம் 46 அங்குல அகலம். எதை வாங்குவது?
— வாசகி, சுங்கை சிப்புட், பேராக்

பதில்: 50 இன்ச் போதும், சகோதரி. கடைக்காரர் சுவருக்குச் சுவர் அளந்து சொல்கிறார். நீங்கள் அளக்க வேண்டியது கண்ணிலிருந்து திரை வரை. அலமாரி மேல் நிற்கும் டிவி சுவரை விட்டு ஓர் அடிக்கு மேல் முன்னால் வந்துவிடும். சோபாவில் சாய்ந்தாலும் தலை பின்சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளித்தான் இருக்கும். உங்கள் 10 அடியில் மிஞ்சுவது ஏழு, ஏழரை அடி.

ஏழு அடி என்பது 84 அங்குலம். அதை 1.6-ஆல் வகுத்தால் 52 சொச்சம் வருகிறது. இந்தக் கணக்கில் திரை நம் பார்வையில் சுமார் 30 டிகிரி அகலத்தை நிரப்பும். அன்றாடம் பார்க்க அது இதமான அளவு. தியேட்டர் மாதிரி வேண்டும் என்பவர்கள் 1.2-ஆல் வகுப்பார்கள், அப்போது 70 வரும். ஆகவே 65 இன்ச் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். விளக்கை அணைத்துவிட்டு 4கே என்கிற மிகத் தெளிவான படம் மட்டும் பார்க்கிற வீட்டுக்கு அது பொருந்தும்.

உங்கள் வீடு அப்படியில்லையே! மாமியாரின் பாய் சோபாவுக்கு முன்னால்தானே விரிகிறது? அவருக்கும் திரைக்கும் நடுவே ஐந்து அடி இருந்தால் அதிகம். 65 இன்ச் திரையின் அகலம் மட்டும் ஏறக்குறைய 57 அங்குலம். ஒரு மூலையில் நிற்கும் மருமகளையும் மறு மூலையில் நிற்கும் மாமியாரையும் பார்க்கத் தலையைத் திருப்பித் திருப்பி, தொடர் முடிவதற்குள் கழுத்து வலி வந்துவிடும். பழைய படங்களும் தெளிவு குறைந்த ஒளிபரப்பும் பெரிய திரையில் இழுபட்டு மங்கலாகத் தெரியும். 4கே என்று பெட்டியில் எழுதியிருப்பதால் பழைய படம் 4கே ஆகிவிடாது.

இன்னொன்று அலமாரி. இன்ச் என்று சொல்வது திரையின் மூலைக்கு மூலை குறுக்களவு, அகலம் அல்ல. 50 இன்ச் டிவியின் அகலம் சுமார் 44 அங்குலம், உங்கள் 46-க்குள் நிற்கும். 55 இன்ச் 48-ஐத் தாண்டும், நுழையாது. சில வருடங்களுக்கு முன் நானும் அகலத்தைப் பார்க்காமல் 55 வாங்கினேன். பெட்டியைப் பிரித்துத் தூக்கி வைத்தால் இரண்டு பக்கமும் இடித்தது. பிரித்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றது கடை. கடைசியில் தச்சரைக் கூப்பிட்டு அலமாரியின் பக்கப் பலகையை அறுத்தோம். என் மனைவி ஆசையாகச் செய்வித்த அலமாரி அது.

டிவியை உயரே, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டாம். பாயில் இருப்பவர் அண்ணாந்தே பார்க்க வேண்டியிருக்கும். கடையில் பார்க்கும்போது பக்கவாட்டில் நின்றும், குனிந்தும் பாருங்கள். சில திரைகளில் நேரே பார்த்தால் பளிச்சென்று இருக்கும் நிறம், ஓரத்திலிருந்து பார்த்தால் வெளுத்துவிடும்.

ஆஸ்ட்ரோ கட்டணச் சேவை இல்லாமல் டிவி2 தமிழ்ச் செய்தி பார்க்கிறவர்கள் என்றால், ஆண்டெனாவில் வரும் டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடிக்கும் டிவிபி-டி2 டியூனர் உள்ளேயே இருக்கிறதா என்று கேளுங்கள். 2019-இல் மலேசியாவில் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். டியூனர் இல்லையென்றால் டிகோடர் தனியாக வாங்க வேண்டிவரும்.

மகனைச் சமாதானப்படுத்த ஒரு வழி உண்டு. பழைய நாளிதழ்களை ஒட்டி 44-க்கு 25 அங்குலத்தில் ஒரு தாள், 57-க்கு 32-இல் ஒரு தாள் வெட்டச் சொல்லுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி அலமாரி முன்னால் ஒட்டி, ஆளுக்கு ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள், மாமியாரைப் பாயில் உட்கார வைத்து. அதற்குப் பிறகு கடைக்குப் போனால் போதும்.