பில் போட்டோவைப் போடாதீர்கள், பத்து ரூபாய் செலவழியுங்கள்

கேள்வி: ஒரு நகராட்சி அலுவலகத்தில் ஏஜென்சி மூலமாக நான்கு வருடமாக டேட்டா என்ட்ரி வேலை பார்க்கிறேன். எங்கள் தெருவில் புதிதாகக் கட்டிய மழைநீர் வடிகால் ஆறே மாதத்தில் விரிசல் விட்டுவிட்டது. மூடி ஒன்று உடைந்து, பக்கத்து வீட்டுப் பாட்டி கால் மாட்டி விழுந்தார். வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். அந்த வேலைக்கான பில் எங்கள் செக்ஷன் வழியாகத்தான் போனது, அதையும் போனில் படம் எடுத்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து ஃபேஸ்புக்கில் போடலாம் என்று நினைக்கிறேன். அப்பாவோ, "வேலை போயிடும், குரூப் 4 எழுதினாலும் உன்னை எடுக்க மாட்டாங்க" என்று பயமுறுத்துகிறார். சீக்கிரம் எங்களையெல்லாம் நிரந்தரம் ஆக்கிவிடுவார்கள், அதுவரை சும்மா இரு என்கிறார் ஏஜென்சிக்காரர். என்ன செய்யட்டும்? (பெயர், ஊர் வேண்டாம்.)

பதில்: முதல் காரியமாக, அந்த பில் போட்டோவை யாருக்கும் அனுப்பாதீர்கள். தோழிக்குக்கூட வேண்டாம். நானும் அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு தள்ளியவள்தான், அதனால் சொல்கிறேன். உங்கள் வீடியோ வெளியே வந்தால் வடிகாலைப் பற்றிப் பேசுவார்கள், பில் வெளியே வந்தால் அதை யார் வெளியே விட்டது என்று மட்டும்தான் பேசுவார்கள். கான்ட்ராக்டர் நிம்மதியாக வீட்டில் தூங்குவார், நீங்கள் மேனேஜர் அறையில் நின்றுகொண்டிருப்பீர்கள். ஏஜென்சி ஆளை நிறுத்த மெமோ, விசாரணை என்று யாரும் மெனக்கெட மாட்டார்கள், "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று ஒரு போன் போதும்.

தெருவில் பார்த்தது உங்களுடையது, ஆபீஸில் பார்த்தது ஆபீஸுடையது, இவ்வளவுதான் விஷயம். ஆனால் ஆபீஸில் பார்த்த அதே காகிதத்தை வாசல் வழியாகக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதற்கு விலை பத்து ரூபாய். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்து இத்தனை வருஷம் ஆகியும், நகராட்சிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது தோன்றவில்லை பாருங்கள்! குறையாகச் சொல்லவில்லை. கோப்பு பக்கத்து மேஜையில் இருக்கும்போது அதற்கு மனு போட வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

மனுவை எப்படி எழுதுவது என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். "எங்கள் தெரு வடிகால் ஏன் உடைந்தது? இதற்கு யார் பொறுப்பு?" என்று எழுதினால், "தாங்கள் கோருவது தகவல் அல்ல" என்று ஒரே வரியில் பதில் வரும். நானே அப்படிப்பட்ட பதில்களை டைப் அடித்திருக்கிறேன், அதில் ஒரு சந்தோஷம்கூட இருக்கும், வேலை சீக்கிரம் முடிந்ததே என்று. ஏன், எதற்கு, யார் தப்பு என்பதற்கெல்லாம் அந்தச் சட்டத்தில் பதில் கிடைக்காது, அலுவலகத்தில் இருக்கும் ஆவணம்தான் கிடைக்கும். அதனால் ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தெருப் பெயர், வார்டு எண், வேலை நடந்த மாதம் ஆகியவற்றைப் போட்டு, "மேற்படி பணிக்கான மதிப்பீடு, பணி ஆணை, ஒப்பந்த உடன்படிக்கை, அளவீட்டுப் புத்தகத்தில் இப்பணி தொடர்பான பக்கங்கள், தரப் பரிசோதனை அறிக்கை, பட்டியல் தொகை வழங்கிய விவரம் ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும்." இவ்வளவு போதும். காரணம் எழுத வேண்டாம். பிரிவு 6(2)-ன்படி உங்களிடம் காரணம் கேட்கவே கூடாது.

இதில் எம்-புக் என்று எல்லாரும் சொல்கிற அந்த அளவீட்டுப் புத்தகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். இன்ஜினியர் நேரில் போய் அளந்து, நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, கான்கிரீட் கனம் இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடும் இடம் அது. பணம் அந்த எண்ணை வைத்துத்தான் போகிறது. நகல் கைக்கு வந்ததும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போங்கள். உடைந்த மூடி இன்னும் அங்கேயே கிடந்தால் அதன் கனத்தை அளந்து பாருங்கள், உடைந்த ஓரத்தில் கம்பி தெரிகிறதா என்றும் பாருங்கள். புத்தகத்தில் ஒன்றும் தெருவில் வேறொன்றும் இருந்தால் அப்போது உங்கள் வீடியோவுக்கு வருகிற பலமே வேறு. அந்தச் சட்டத்திலேயே பிரிவு 2(j) என்று ஒன்று இருக்கிறது. வேலையை நேரில் பார்வையிடலாம், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரி கேட்கலாம் என்கிறது. நான் வேலை பார்த்த காலத்தில் மாதிரி கேட்டு ஒரே ஒரு மனுதான் வந்தது, அன்றைக்கு செக்ஷன் முழுக்க டீ குடிக்க மறந்துவிட்டது.

இன்னொன்றையும் அதே மனுவில் சேருங்கள்: உடன்படிக்கைப்படி குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எவ்வளவு, கான்ட்ராக்டரின் டெபாசிட் திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டதா என்பதற்கான ஆவணம். வேலை முடிந்த பிறகும் குறிப்பிட்ட காலம் வரை பழுது வந்தால் கான்ட்ராக்டர் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று உடன்படிக்கையில் இருக்கும், அதற்காகத்தான் அவர் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருப்பார்கள். ஆறு மாதம்தான் ஆகிறது என்றால் அந்தக் காலம் முடியாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஃபேஸ்புக்கில் ஆயிரம் பேர் கோபப்பட்டாலும் அசையாத ஆள், டெபாசிட் நிற்கிறது என்றால் கொத்தனாரோடு வந்து இறங்குவார்.

பதில் தர 30 நாள். வரவில்லை அல்லது அரைகுறையாக வந்தது என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, அங்கேயும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநில தகவல் ஆணையத்துக்கு. ஆணையம் வரை போனால் இழுக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மனு வந்து பதிவேட்டில் ஏறிவிட்டது என்றாலே கோப்பைத் தேடி எடுத்து, பக்க எண் போட்டு, விட்டுப்போன கையெழுத்தெல்லாம் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அதுவே பாதி வேலை.

அப்புறம், மனுவில் உங்கள் பெயர் வேண்டாம். இந்தியக் குடிமகன் யாரும் கேட்கலாம், அந்தத் தெருவில் இருப்பவராகக்கூட இருக்க வேண்டியதில்லை. விழுந்த பாட்டியே கையெழுத்துப் போடட்டும். அல்லது பயமுறுத்துகிற உங்கள் அப்பா போடட்டும்.

இதற்கிடையில் வீடியோவைப் போடலாமா என்றால், போடலாம், நகல் வரும்வரை காத்திருக்கக்கூட வேண்டாம், திறந்து கிடக்கும் வடிகாலில் இன்னொருவர் விழக்கூடாது. ஆனால் கண்ணில் பட்டதை மட்டும் சொல்லுங்கள். இந்தத் தேதி, இந்தத் தெரு, மூடி உடைந்திருக்கிறது, ஒருவர் விழுந்தார். பாட்டியின் முகமோ பெயரோ வேண்டாம். "இத்தனை பர்சன்ட் கமிஷன் அடித்துவிட்டார்கள்" என்று ஒருவர் பெயரைப் போட்டு எழுதினீர்களானால் அது அவதூறு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 356. இணையத்தில் எழுதினாலே பிடித்து உள்ளே போட்டுக்கொண்டிருந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்டது, அதற்காக எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஆகிவிடாது. உங்கள் கணக்கில் "பணியிடம்: நகராட்சி" என்று போட்டிருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள்.

குரூப் 4 பயத்துக்கு வருகிறேன். தகவல் கேட்டு மனு போட்டதற்காகவோ, உடைந்த வடிகாலைப் படம் எடுத்ததற்காகவோ டி.என்.பி.எஸ்.சி. யாரையும் ஒதுக்க முடியாது. அவர்கள் கேட்பது உங்கள் மேல் கிரிமினல் வழக்கு இருக்கிறதா என்பது. இருந்து மறைத்தால்தான் ஆபத்து, அதனால்தான் அவதூறு வழக்கில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள் என்று மேலே அவ்வளவு நீட்டினேன்.

ஏஜென்சிக்காரர் சொல்லும் நிரந்தரக் கதையை நம்பி உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு வடிகாலைவிடக் கவலையாக இருக்கிறது. 2006-ல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது: முறையான தேர்வு இல்லாமல் தற்காலிகமாக வந்தவர்கள், பல வருஷம் வேலை பார்த்தோம் என்பதற்காக மட்டும் நிரந்தரம் கேட்க முடியாது. அரசு நேரடியாக வைத்துக்கொண்டவர்களுக்கே இந்தக் கதி. உங்களுக்குச் சம்பளம் போடுவது ஏஜென்சி, காகிதத்தில் நீங்கள் நகராட்சி ஊழியரே இல்லை. வருஷக்கணக்காக நடக்கும் நிரந்தர வேலைக்குத் தற்காலிக ஆட்களை வைத்துக்கொண்டு உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகக் காட்டாதீர்கள் என்று 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம் அரசைக் கடிந்துகொண்டது உண்மைதான். ஆனால் அது வழக்குப் போட்டு வாதாடி வாங்குகிற விஷயம், ஏஜென்சிக்காரர் வாங்கித் தருகிற விஷயமில்லை. அவரிடம் கேட்க வேண்டியது வேறு: பி.எஃப். ஒழுங்காகக் கட்டுகிறாரா? மத்திய அரசின் உமங் ஆப்பில் உங்கள் பி.எஃப். கணக்குக்கான யூ.ஏ.என். எண்ணைப் போட்டு பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துவிட்டு அங்கே கட்டாத ஏஜென்சிகளை நிறைய பார்த்தாயிற்று.

குரூப் 4-ல் நேர்முகத் தேர்வு கிடையாது, 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் தமிழ்ப் பகுதி மட்டும் 100 கேள்வி, 150 மதிப்பெண், அதில் 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்தானே என்று அதைக் கடைசிக்குத் தள்ளிப் போடுகிறவர்கள்தான் நிறைய பேர் அங்கே விழுகிறார்கள்.

மனு விஷயத்தில் ஒன்று விட்டுப்போய்விட்டது. பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்கினால் பசை போட்டு ஒட்டுங்கள், ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள். தபால் செக்ஷனில் ஒரு மனுவிலிருந்து ஸ்டாம்ப் கழன்று மின்விசிறிக் காற்றில் பீரோவுக்கு அடியில் போனதையும், "கட்டணம் செலுத்தப்படவில்லை" என்று அந்த மனுவைத் திருப்பி அனுப்பியதையும் நான் பார்த்திருக்கிறேன்.