மாலைப் பசியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு 14 வயது. உயரம் 160 செ.மீ., எடை 68 கிலோ. காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகிறான். டியூஷன் போகும் வழியில் பப்ஸ், கூல்டிரிங்க்ஸ். இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு. கழுத்துக் கறுப்பு எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. இரவுச் சாப்பாட்டை நிறுத்தி, ஜிம்மில் சேர்க்கலாமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: முதலில் கழுத்தைப் பற்றி. அது அழுக்கல்ல, தேய்க்காதீர்கள். தேய்த்தால் தோல் இன்னும் தடித்துக் கறுக்கும். இந்த எடையோடு வரும் கறுப்பு, பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். குழந்தைநல மருத்துவரிடம் காட்டி ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள். வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள், அதாவது 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

இரவுச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். சிக்கல் தொடங்குவது மாலையில். மதியம் சாப்பிட்ட பிள்ளைக்கு நாலரை மணிக்குக் கடும் பசி. அதற்குப் பப்ஸும் கோலாவும்தான் அகப்படுகின்றன, 250 மி.லி. கோலாவில் மட்டும் ஐந்து டீஸ்பூனுக்கு மேல் சர்க்கரை. வயிறு மந்தமாகி இரவுச் சாப்பாடு பத்து மணிக்குத் தள்ளிப்போகிறது. அப்படிச் சாப்பிட்டுப் படுத்தவனுக்குக் காலையில் எப்படிப் பசிக்கும்?

ஆகவே மாலையில் வீட்டுக்கு வந்ததும் ஒரு கப் சுண்டல், அல்லது அவித்த முட்டையும் வாழைப்பழமும் கொடுங்கள். பள்ளியிலிருந்து நேரே டியூஷன் போகிறான் என்றால் சுண்டல் கட்டித் தராதீர்கள், சென்னை வெயிலில் ஊசிப்போகும். ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையோ உப்புக்கடலையோ போதும். டியூஷன் முடிந்ததும், எட்டரைக்குள், இரண்டு சப்பாத்தியோ மூன்று இட்லியோ, கூடவே காய் நிறையப் போட்ட சாம்பார். பத்து மணிக்குப் படுக்கை. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலையில் முதல் இரண்டு வாரம் சர்க்கரை போடாத பாலும் ஒரு பழமும் மட்டும் கொடுங்கள். பசி திரும்பிய பின் இட்லி, பொங்கல் எல்லாம். பாலில் கலக்கும் சத்துமாவுப் பொடிகளில் பலவற்றில் சர்க்கரை அதிகம், லேபிளைப் பாருங்கள்.

ஜிம் தவறில்லை. பயிற்சியாளர் மேற்பார்வையில் எடை தூக்கினால் வளர்த்தி நிற்காது. ஆனால் விருப்பமில்லாத பிள்ளை இரண்டே வாரத்தில் நின்றுவிடுவான். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, மூச்சு வாங்கும் அளவுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிட அசைவு. அதைப் பிரித்துக்கொள்ளலாம்: டியூஷனுக்குச் சைக்கிளில் போய்வர 20 நிமிடம், மாடிப்படி, நண்பர்களோடு மாநகராட்சி மைதானத்தில் ஃபுட்பால் அல்லது ஷட்டில். வாரம் மூன்று நாள் ஸ்கிப்பிங், தண்டால். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழரைக்கு முன்போ மாலை ஐந்தரைக்குப் பின்போ மட்டும் விளையாடட்டும்.

எடையை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். வளரும் பிள்ளைக்கு எடை ஏறாமல் உயரம் கூடினாலே முன்னேற்றம்தான். அந்த எண்ணைச் சொந்தக்காரர்கள் முன் சொல்லாதீர்கள். கூனிக்குறுகும் பிள்ளை ஒளித்துத் தின்பான். இடையில் அளவுக்கு மீறிய தாகம், இரவில் அடிக்கடி சிறுநீர், திடீர் எடைக் குறைவு தெரிந்தால் அன்றே சர்க்கரை பாருங்கள்.