செதில் தோலுக்கு மஞ்சள் சொட்டு

முழங்கையில் எட்டு வருடமாகச் சொரியாசிஸ். ‘பெர்பெரிஸ் அக்விஃபோலியம்’ என்று ஹோமியோ மருந்து தந்திருக்கிறார்கள். அது என்ன செடி, கேட்குமா? – திருப்பூர் வாசகர்

வட அமெரிக்காவின் மேற்குக் கரைப் புதர் அது. இலை ஓரம் முழுக்க முள், பழம் கருநீலக் கொத்து. ஆரிகன் திராட்சை என்பார்கள். திராட்சைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வேரைக் கீறினால் உள்ளே பளீர் மஞ்சள். அதுதான் பெர்பெரின். நம் நாட்டு மருந்துக் கடை மரமஞ்சளிலும் இதே சரக்குதான்.

கேட்குமா என்பது உங்கள் கையில் இருக்கும் சீசாவைப் பொறுத்தது. ‘மதர் டிங்சர்’ என்றால் அதில் செடியின் சாறு இருக்கிறது. வெள்ளைக் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், மஞ்சள் கறை விழும். ‘30’ என்றால் நூறில் ஒன்றாக முப்பது தடவை கரைத்தது. 1 போட்டுப் பக்கத்தில் 60 சைபர், அத்தனை மடங்கு நீர்த்துப் போனது! பன்னிரண்டு தடவை தாண்டினாலே ஒரு மூலக்கூறு மிஞ்சுவது சந்தேகம்.

இந்தச் செடியின் சாறு சேர்த்த கிரீமை 200 நோயாளிகளிடம் 12 வாரம் சோதித்த ஆய்வு 2006-இல் வந்தது. லேசான, நடுத்தரச் சொரியாசிஸுக்கு வெற்றுக் கிரீமைவிடப் பலன் தெரிந்தது. ஆனால் அது சாறு நிறைந்த கிரீம். அந்தப் பெயரை 30 பவர் உருண்டைக்கு வாங்கிக் கொடுக்கக் கூடாது.

டிங்சரை நேராகப் பூசலாமா?

வெடித்த தோலில் வேண்டாம். ஆல்கஹால், எரியும், காய்ந்த தோலை இன்னும் காயவைக்கும். குளித்த ஈரம் போகுமுன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

இங்கிலீஷ் மருந்தை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தியதும் உடம்பெல்லாம் பரவிவிட்டது. ‘முதலில் ஏறும், அப்புறம் இறங்கும்’ என்கிறார்கள்.

அது மருந்து வேலை செய்யும் அடையாளம் இல்லை. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் சொரியாசிஸ் சீறி எழும். சிலருக்குச் சீழ்க் கொப்புளமாகவே மாறும். இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கடுமையான சொரியாசிஸுக்குத் தரும் சைக்ளோஸ்போரின் மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் டிங்சர் பக்கமே போகாதீர்கள். பெர்பெரின் அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், சிறுநீரகம் அடிவாங்கும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைக்கும் கூடாது. பிறந்த குழந்தையின் காமாலையை அது கூட்டும்.

இடுப்பில் வட்டம் வட்டமாகச் செதில். ஓரம் சிவப்பு, நடுவில் தெளிவு. வீட்டில் மூன்று பேருக்கு இருக்கிறது. இதே சொட்டு போதுமா?

மூன்று பேருக்கு என்றதுமே எனக்குப் படர்தாமரை ஞாபகம்தான் வருகிறது. சொரியாசிஸ் ஒட்டாது, இது ஒட்டும். செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அரை மணியில் தெரிந்துவிடும். பூஞ்சைக்கான மருந்து மூவருக்கும் சேர்த்து வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த டியூபைத் தொடாதீர்கள். அரிப்பு இரண்டு நாள் அடங்கும், வட்டம் பெரிதாகும். துண்டு ஆளுக்கு ஒன்று.