இரண்டு லைன் ஒன்றாக அடித்தால் முதல் அழைப்பு ஏன் அறுந்துபோகிறது?

மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவ் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை ஆபீஸில் டெலிபோன் ஆப்ரேட்டராகச் சேர்ந்து மூன்று வாரம் ஆன தங்கை ஒருவர் கேட்கிறார்: "அக்கா, வெளியிலிருந்து நாலு லைன், ஆபீஸுக்குள் இருபது எக்ஸ்டென்ஷன். பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு லைன் அடித்தால் உடனே எடுக்கிறேன், முதலில் பேசியவர் போய்விடுகிறார். மானேஜருக்கு மாற்றிவிடும் அழைப்பும் திரும்ப என்னிடமே வருகிறது. பெரிய கிராணி (தலைமைக் குமாஸ்தா) திட்டுகிறார். டெலிபோன் போர்டு பழுதா?"

பழுதாக இருக்காது தங்கச்சி. பல போர்டுகளில் ஹோல்ட், அதாவது பேசுகிறவரைக் காத்திருக்க வைக்கும் பட்டனை, அமுக்காமல் அடுத்த லைன் பட்டனைத் தொட்டால், முதல் லைனை நீங்களே வைத்துவிட்டதாகத்தான் மெஷின் எடுத்துக்கொள்ளும். தானாக ஹோல்டுக்குப் போகும்படி அமைக்கவும் முடியும், போர்டு மாட்டிய ஆளிடம் கேளுங்கள். அதுவரை விரலைப் பழக்குங்கள்: "கொஞ்சம் இருங்க" என்று சொல்லி, ஹோல்ட் அமுக்கி, அந்த லைனின் விளக்கு விட்டுவிட்டு மின்னுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த பட்டன். நான் புதிதாக உட்கார்ந்தபோது இந்த விளக்கு மின்னுவதைப் பார்க்காமல்தான் அழைப்புகளை அறுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது ஆளிடம் கதை கேட்காதீர்கள். பேர், யார் வேண்டும், அவ்வளவுதான், அவரையும் ஹோல்டில் போட்டுவிட்டு முதல் ஆளிடம் திரும்புங்கள். ஆனால் லாரிக்காரர் என்றால் முன்னால் விடுங்கள், ஏனென்றால் வெட்டிய செம்பனைக் குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு வர வேண்டும், பிந்தினால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், வழியில் லாரி நின்றுபோன செய்தி அரை மணி காத்திருக்கக் கூடாது.

மாற்றிவிட்ட அழைப்பு திரும்புவது நல்லதுதான். அங்கே யாரும் எடுக்கவில்லை, அழைத்தவர் அநாதையாகத் தொங்க வேண்டாமே என்று போர்டு உங்களிடமே கொண்டுவருகிறது. அப்போது புது அழைப்பு மாதிரி ஆலைப் பெயரைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள், காத்திருந்தவருக்குக் கோபம் வரும். "சார் இடத்தில் இல்லை, நம்பர் தருகிறீர்களா?" என்று கேளுங்கள். முதலிலேயே டிரான்ஸ்ஃபர் அமுக்கி, எக்ஸ்டென்ஷன் அடித்து, மானேஜர் எடுத்ததும் "இன்னார் பேசுகிறார், கொடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தால் பாதித் தொல்லை இல்லை.

நம்பர் எழுதும்போது ஏரியா கோடையும் கேளுங்கள். நமக்கு 06, ஆனால் எல்லை தாண்டினால் பகாங் மாநிலம், அங்கே 09. எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுங்கள், மலாய்க்காரர் என்றால் மலாயிலேயே, இலக்கம் இலக்கமாக.

அப்புறம், சாயங்காலம் கிளம்பும்போது நைட் பட்டனைப் போட்டு அழைப்புகளை ஜாகா (காவலாளி) கொட்டாய்க்குத் திருப்பிவிடுவீர்கள் இல்லையா, கதவைப் பூட்டும் முன் உங்கள் ஹேண்ட்போனிலிருந்து ஆபீஸ் நம்பருக்கு ஒரு தடவை அடியுங்கள். ஜாகா எடுத்தால் வீட்டுக்குப் போகலாம்.