கேள்வி – பதில்: இன்ஜினுக்கு கம்பெனி பார்ட்ஸா, வெளி பிராண்டா?

கேள்வி: 11 வருடம் ஓடிய பெட்ரோல் கார். சூடேறி நின்றதில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது. கம்பெனி பார்ட்ஸ் போட்டால் பில் எகிறுகிறது. வெளி பிராண்டில் பாதி விலைக்கு முடிக்கலாம் என்கிறார் மெக்கானிக். எதில் மிச்சம் பிடிக்கலாம்?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: மறுபடி ஹெட்டை இறக்காமல் எளிதில் மாற்ற முடியாத பொருளில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஹெட் கேஸ்கெட், ஹெட் போல்ட், வால்வு சீல் மூன்றும் அந்த ரகம். வால்வு சீலையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல சீல் வைட்டான் ரப்பரில் வரும். மலிவானவற்றில் பெரும்பாலும் நைட்ரைல். ஹெட் சூட்டில் நைட்ரைல் சீக்கிரம் இறுகி, வால்வுத் தண்டைப் பிடிக்காமல் ஆயிலை உள்ளே விடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் நீலப் புகை வரும். சீல் செட்டின் விலை சொற்பம்தான், கூலிதான் பெரிது.

முதலில் டார்க் (முறுக்கு விசை), பிறகு டிகிரி (திருப்பும் கோணம்) கணக்கு என்று முறுக்கும் ஹெட் போல்ட்டுகள் நீண்டு கொடுத்துத்தான் இறுக்கம் தருகின்றன. மேனுவல் புதிது போடச் சொன்னால் பழையதைத் திரும்பப் போட விடாதீர்கள்.

ஹெட் கோணியிருந்தால் எந்த கேஸ்கெட்டும் நிற்காது. ஸ்ட்ரெய்ட் எட்ஜை (நேர் விளிம்புள்ள பட்டை) நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல சிறிய பெட்ரோல் இன்ஜின்களில் 0.05 மி.மீ.தான் வரம்பு. அதைத் தாண்டினால் லேத் பட்டறையில் ஃபேஸிங் (பரப்பைச் சமமாகச் சீவுவது). எமரி தாளால் கையில் தேய்த்த ஹெட்டில் பல அடுக்கு எஃகு கேஸ்கெட் சரியாக உட்காராது.

தெர்மோஸ்டாட்டுக்கு (சூடேறியதும் திறந்து கூலண்டை ஓடவிடும் வால்வு) நல்ல வெளி பிராண்ட் போதும். போடுவதற்கு முன் தண்ணீரில் முக்கிச் சூடாக்குங்கள். அதன் மேல் அச்சிட்ட 82 அல்லது 88 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். வெளி பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்பும் அப்படித்தான். உள்ளே தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் இதழ்களின் எண்ணிக்கையையும் உயரத்தையும் பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

கேள்வி: வெளி பிராண்ட் என்றாலே டூப்ளிகேட்தானே?
– மதுரை வாசகர்

பதில்: இல்லை. பிளக், பிஸ்டன், வால்வு போன்றவற்றைக் கார் கம்பெனிகள் பெரும்பாலும் வெளியில்தான் வாங்குகின்றன. என்ஜிகே, பாஷ் மட்டுமல்ல, சென்னையின் ராணே, இந்தியா பிஸ்டன்ஸ் போன்றவையும் வாகனக் கம்பெனிகளுக்குக் கொடுத்துக்கொண்டே சொந்தப் பெயரிலும் கடைகளுக்கு விற்கின்றன. உண்மையான ஆபத்து கம்பெனிப் பெட்டியைப் போலவே அச்சடித்து வரும் போலி. வேகமாக விற்கும் ஆயில் ஃபில்டரில் அதற்கு வாய்ப்பு அதிகம். ஓட்டைகள் வழியாக உள்ளே பாருங்கள். ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் மென்மையாக, முழு வட்டமாக ஒட்டியிருக்க வேண்டும். அது சரியில்லையென்றால் ராத்திரி ஆயில் வடிந்துவிடும், காலையில் ஆயில் விளக்கு அணையத் தாமதமாகும், இன்ஜின் கடகடக்கும். பார்ட் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் தர மறுக்கும் கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.

கேள்வி: ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) செய்ய வேண்டும். கம்பெனியில் ஓவர்சைஸ் (வழக்கமான அளவைவிடப் பெரிய) பிஸ்டன் கிடைக்கவில்லை.
– நாகர்கோவில் வாசகர்

பதில்: பல புது இன்ஜின்களுக்குக் கம்பெனி ஓவர்சைஸ் தருவதில்லை. பிஸ்டன் செய்யும் நிறுவனங்களிடம் 0.25, 0.50 மி.மீ. ஓவர்சைஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். பிஸ்டனை முதலில் வாங்கி, ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே பிளாக்கை லேத்துக்கு அனுப்ப வேண்டும். போரிங் அந்த அளவை வைத்துத்தான் செய்யப்பட வேண்டும், பெட்டியில் போட்ட அளவை வைத்து அல்ல. பொருத்தும் முன் பிஸ்டன் ரிங்கைத் தனியாக சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். இடைவெளி குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி, புது போரிலேயே கீறல் விழும்.