புளிப்பானைக் கணக்கு – கடிதம்

அன்புள்ள அக்கா,

நெருப்புக் கடன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிற ஊரிலேயே ஒரு தீக்குச்சியை மிச்சம் பிடிக்க, பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து வரட்டித் துண்டில் நெருப்பு வாங்கி வரச் சொல்வார் உங்கள் அம்மா என்று எழுதிவிட்டு, "எவ்வளவு அழகான சிக்கனம்" என்று முடித்திருந்தீர்கள். அங்கேதான் எனக்கு இடித்தது.

நான் கோயம்புத்தூர்க்காரி. கணவர் வேலையை விட்டுவிட்டு விவசாயம் பார்க்க வந்ததில், 3 வருஷமாக விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்தில் அத்தையோடு இருக்கிறேன். அத்தை நல்லவர்தான். ஆனால் அவருடைய சிக்கனம் மூச்சு முட்டுகிறது. அடுப்படியை விட்டு நான் ஒரு நிமிஷம் வெளியே போனால் லைட்டை அணைத்துவிடுவார். கிரைண்டர் துணி போர்த்தி மூலையில் இருக்க, ஆட்டுக்கல்லில் ஆட்டுவார். சிலிண்டர் இருந்தும் விறகடுப்பு. இத்தனையும் பார்க்கிறவர், மாசி வந்தால் 30 கிலோ புளியை ஓட்டோடு வாங்கிப் போட்டு, கையிலிருக்கிற காசையெல்லாம் அதில் முடக்குகிறார். 3 நாள் நானும் கூட உட்கார்ந்து உடைக்க வேண்டும். இது சிக்கனமா, கஞ்சத்தனமா? எதை நான் படித்துக்கொள்வது, எதை விடுவது?

இன்னொன்று. போன வருஷப் புளி பானையில் கன்னங்கரேலென்று கிடக்கிறது. அத்தை எறியக் கூடாது என்கிறார். சரியா?

(பெயர் போட வேண்டாம். அத்தைக்கு யாராவது வாசித்துக் காட்டிவிடுவார்கள்.)

*

அன்புள்ள தங்கைக்கு,

"அழகான" என்று எழுதியது தப்புதான். நெருப்பு வாங்க ஓடியவர்கள் நாங்கள், பிள்ளைகள். எங்களுக்கு அது விளையாட்டு. ஒரு குச்சிக்காக இன்னொரு வீட்டு வாசலில் போய் நிற்கச் சொன்னவளுக்கு எப்படி இருந்ததோ, நான் கேட்டதில்லை. கேட்காமல் எழுதிவிட்டேன்.

லைட்டிலிருந்து வருகிறேன். எங்கள் அம்மா ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் தீப்பெட்டி ஒட்டுவாள். குரோசுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு குரோஸ் 144 பெட்டி. சீமெண்ணெய்ச் செலவு அந்தக் கூலியிலிருந்துதான் போக வேண்டும். ஆகவே விளக்கு எரிந்தால் அதன் பக்கத்தில் ஒரு கை வேலை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். நாங்கள் பாடம் படித்ததும் அதே வெளிச்சத்தில்தான், பசைச் சட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து. அப்புறம் கரண்ட் வந்தது, குண்டு பல்பு வந்தது. 60 வாட் பல்பு 16, 17 மணி நேரம் எரிந்தால் 1 யூனிட் ஓடிவிடும். அதுவரைக்கும் அணைத்ததில் அர்த்தம் உண்டு.

இப்போது உங்கள் அடுப்படியில் இருப்பது 9 வாட் எல்இடியாகத்தான் இருக்கும். 1 யூனிட் ஆக அது 111 மணி நேரம் எரிய வேண்டும். தினமும் 5 மணி நேரம் போட்டாலும் 3 வாரம் தாண்டும். மேஜைக் கிரைண்டர் 150 வாட் என்று வைத்துக்கொண்டால், அரை மணி அரை மணியாகப் பதிமூன்று தடவை ஆட்டினால்தான் 1 யூனிட். அதற்கு மேல், 2016 மே முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இந்த இரண்டிலும் கணக்கு உங்கள் பக்கம்.

ஆனால் இந்தக் கணக்கை அத்தையிடம் ஒப்பிக்காதீர்கள். அவருடைய கை அணைப்பது எல்இடியை இல்லை, அரிக்கேனை. மாவாட்டும் வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், போதும். ஆட்டுகிறவள் எதில் ஆட்டினால் என்ன?

புளி வேறு சங்கதி. மாசி, பங்குனியில்தான் புளி உலுக்குவார்கள், விலையும் இறங்கியிருக்கும். கரிசக்காட்டில் வானம் பார்த்த விவசாயம். உளுந்தோ மிளகாயோ விற்ற காசு தை தொடங்கிக் கொஞ்ச நாள் கையில் புரளும், அப்புறம் வருஷம் பூராவும் வறட்சி. அந்தக் காசு காசாகவே இருந்தால் கைமாத்து கேட்டு ஒருத்தர் வருவார், கல்யாணம் என்று ஒருத்தர் வருவார், இல்லையென்று சொல்ல முடியாது. அதே காசு பானையில் புளியாக, சாக்கில் வத்தலாக, செம்மண் கட்டிக் காயவைத்த துவரையாக, குலுக்கை என்கிற மண் குதிரில் கம்பாக மாறிவிட்டால் தப்பித்தது. அரைப் பானை புளியைக் கைமாத்து கேட்கிறவர் யாரும் கிடையாது. உங்களுக்கு முடக்கமாகத் தெரிகிறது. அத்தைக்கு அது பூட்டு.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது, ரேஷன் கடையில் வைத்து விற்கிற அளவுக்குப் போயிற்று. அந்த மாதம் உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அத்தை தக்காளிக்குப் பதிலாக ஒரு நெல்லிக்காய் அளவு புளியைக் கூடுதலாகப் போட்டுக் கரைத்திருப்பார். சித்திரை வெயிலில் போட்ட மிதுக்க வத்தலும் சுண்டை வத்தலும் ஐப்பசி அடைமழையில் வெஞ்சனமாக, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள, வருவதும் இதே வழிதான். நீங்கள் படித்துக்கொள்ள வேண்டியது இந்த நாள்காட்டியை. எதை எந்த மாதம் வாங்குவது, எந்த வெயிலில் காய வைப்பது, எந்த மழைக்கு எடுப்பது. அது அத்தையோடு போய்விட்டால் திரும்பக் கிடைக்காது.

ஓடு உடைப்பதுதான் எனக்கும் இடிக்கிறது. அம்மா வாசலில் சாக்கு விரித்து உட்காருவாள். முறுகக் காய்ந்த பழமாக இருந்தால் குழவிக் கல்லால் ஒரே தட்டு, ஓடு சலசலவென்று உதிரும். நுனியில் நாரைப் பிடித்து உருவினால் கிளையும் நரம்புமாக முழுசாகக் கையோடு வரும். கொட்டை எடுப்பதுதான் சித்திரவதை. கட்டை விரல் நகத்தால் கீறிப் பிதுக்கிப் பிதுக்கி, ராத்திரி சோறு பிசையும்போது நகக்கண் எரியும். எரிச்சலோடு இடது கையால் சாப்பிட்ட என் அக்காவுக்கு அதற்குத் தனியாகத் திட்டு விழுந்தது. பிறகு பானையில் ஒரு வரிசை புளி, ஒரு கை கல்லுப்பு, முஷ்டியால் ஒரு குத்து, மறுபடி ஒரு வரிசை. ஓடு அடுப்புக்கு. கொட்டையில் நாங்கள் வறுத்துத் தின்றதும் பல்லாங்குழிக்கு எடுத்ததும் போக மீதி வியாபாரிக்கு.

இப்போது இதைக் கூலி போட்டுப் பார்ப்போம். 30 கிலோவில் ஓடு, நார், கொட்டை போனால் பாதிக்குப் பாதிதான் மிஞ்சும், 15 கிலோ. இரண்டு பேர், 3 நாள். நூறு நாள் வேலைக்கு 2024-25இல் நம் மாநிலத்துக்கு அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 319 ரூபாய். ஆறு ஆள் கூலி 1,914 ரூபாய். கிலோவுக்குச் சுமார் 128 ரூபாய் உங்கள் இரண்டு பேர் நகத்திலிருந்தே போகிறது. பங்குனியில் காட்டில் வேலை இல்லாத காலத்தில் அம்மாவின் பகலுக்கு வெளியே விலை கிடையாது, அதனால் அவள் கணக்கில் அது பூஜ்யம். உங்கள் பகலுக்கு என்ன விலை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மாசியிலேயே கொட்டை எடுத்த புளியாக மொத்தமாக வாங்கிவிட்டால் நாள்காட்டியும் தப்பாது, நகமும் பிழைக்கும். ஆனால் அத்தைக்கு அந்த 3 நாள் பக்கத்து வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற நாளாகவும் இருக்கலாம். அப்படியென்றால் 5 கிலோ மட்டும் ஓட்டோடு வாங்குங்கள்.

சிக்கனமா, கஞ்சத்தனமா என்று கேட்டீர்கள். மிச்சம் பிடிப்பது யார் வயிற்றிலிருந்து என்று நான் பார்ப்பேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் எங்கள் அம்மா குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டு, சுற்றி ஒட்டியிருக்கிறதை வழித்துப் பிரட்டிச் சாப்பிடுவாள். உலகத்தில் அதைவிட ருசி கிடையாது. "எனக்குச் சட்டி, எனக்குச் சட்டி" என்று நாங்கள் அடித்துக்கொள்வோம். எங்களுக்கு அது கூடுதல் உருண்டை. அவளுக்கு அதுதான் சாப்பாடு. நாங்கள் பிடுங்கித் தின்ற நாளில் அவள் எதைத் தொட்டுச் சாப்பிட்டாள் என்பது எனக்கு இன்று வரை தெரியாது. அத்தை எந்தத் தட்டில், எத்தனை மணிக்கு, எதை வைத்துச் சாப்பிடுகிறார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். சண்டை போடுவதென்றால் அங்கே போடுங்கள், லைட்டுக்குப் போடாதீர்கள். நீங்களும் சட்டியைத் தேடிப் போய்விடாதீர்கள்.

இதைச் சொல்லும்போது சிறுவாடு, அம்மா தனக்கென்று ரகசியமாகச் சேர்த்த காசு, ஞாபகம் வருகிறது. புளியங்கொட்டைக் காசு, முட்டைக் காசு, பங்குக்கு வளர்த்த ஆட்டுக்குட்டி விற்றதில் பாதி, இதெல்லாம் அம்மாவுடையது. எங்கே வைத்திருந்தாள் என்று யாருக்கும் தெரியாது. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். மறுநாள் காலையில் மல்லி டப்பாவைக் கவிழ்த்து, மஞ்சள் துணியில் சுற்றிய 500 ரூபாய் நோட்டு பதினேழை எடுத்து அப்பா முன்னால் வைத்தாள். திருடி அகப்பட்டவள் மாதிரி நின்றாள். நூறு நாள் வேலைக்காகத் தொடங்கிய அவள் பெயர்க் கணக்கில்தான் போட்டோம். ஆனால் கண்ணில் பட்ட காசு வீட்டுக் காசு. பொங்கலுக்கு முன்னாலேயே மோட்டார் ரிப்பேருக்குப் போய்விட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி சேர்த்தாள், இந்தத் தடவை எல்லாம் நூறு ரூபாய் நோட்டாக. உங்கள் அத்தையின் டப்பா எப்போதாவது கண்ணில் பட்டால் மூடி வைத்துவிடுங்கள், கணவரிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

விறகைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் பக்கம் சீமைக்கருவேல் விறகு சும்மா கிடைக்கும், பருத்திமாரும், அதாவது காய்ந்த பருத்திச் செடியும், கிடைக்கும். ஆனால் புகை நெஞ்சுக்குள் போகிறது, அதற்கு ஆஸ்பத்திரியில் காசு கேட்பார்கள். வெந்நீருக்கும் மாட்டுக்குக் காய்ச்சவும் வெளியடுப்பு, சமையல் கேஸில். அத்தை சம்மதிக்கவில்லை என்றால் விறகடுப்பையாவது காற்றோட்டமான தாழ்வாரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

கறுத்த புளியை எறிய வேண்டாம், அத்தை சொன்னதுதான் சரி. உப்போடு கிடந்து பழசானால் புளி கறுக்கத்தான் செய்யும். எங்கள் வீட்டில் குழம்புக்குப் பழசு, ரசத்துக்குப் புதுசு. பானைக்குள் ஈரக்கை பட்டு, மேலே வெள்ளையாகப் பூஞ்சணம் கட்டி வாடை அடித்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். அந்தப் பானையைப் பித்தளை விளக்கும் பாத்திரமும் தேய்க்கிற புளிக்கு வைத்துக்கொள்ளலாம், அடுத்த மாசிக்கு அதிலேயே புதுப் புளியை மட்டும் அடைக்காதீர்கள்.

அன்புடன்,
அக்கா