வலப்பக்கத்துத் தெருவைப் பாருங்கள், தம்பி

ஜெர்மனிக்கு வந்து இரண்டு மாதமாகிறது, கார் வாங்கப்போகிறேன், இந்தியாவில் பல வருடம் ஓட்டியவனுக்கு இங்கே சாலையில் என்ன புதிதாக இருக்கப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வலப்பக்கம் ஓட்டுவது சீக்கிரமே கைக்கு வந்துவிடும், தம்பி. மாட்டிவிடுவது வேறு. நீங்கள் விதிப்படி நிற்பீர்கள் என்று நம்பி, எதிராளி வேகத்தைக் குறைக்காமலே வருவார்.

குடியிருப்புத் தெருக்களில், முக்கியமாக 30 கி.மீ. வேக எல்லை உள்ள பகுதிகளில், பல சந்திப்புகளில் சிக்னலும் இருக்காது, பலகையும் இருக்காது. அங்கே வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. 'ரெஷ்ட்ஸ் ஃபோர் லிங்க்ஸ்', அதாவது 'இடதுக்கு முன் வலது' என்பார்கள். நீங்கள் அகலமான தெருவில் நேராகப் போகிறீர்கள், அவர் சின்னத் தெருவிலிருந்து எட்டிப்பார்க்கிறார் என்றாலும் நிற்க வேண்டியவர் நீங்கள்தான். நம் கண்ணுக்கு மெயின் ரோடாகத் தெரிவதை நம்பாதீர்கள். முன்னுரிமைப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிரேக்கில் கால், வலப்பக்கம் கண்.

ஹெட்லைட் விஷயமும் குழப்பும். ஊரில் லைட் அடித்தால் 'நான் வர்றேன், நில்லு'. இங்கே குறுக்கே நிற்பவர் அடித்தால் பெரும்பாலும் 'நீங்க போங்க'. ஆனால் சட்டப்படி அது ஆபத்தை எச்சரிக்கவும், ஊருக்கு வெளியே முந்தப்போவதைத் தெரிவிக்கவும்தான். அதை நம்பிப் போய் இடித்தால் பேச்சு எடுபடாது.

வலது திரும்பும்போது கண்ணாடி போதாது, தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். நேராகப் போகும் சைக்கிளுக்கு நீங்கள் வழிவிட வேண்டும். சைக்கிளைத் தாண்டும்போது ஊருக்குள் 1.5 மீட்டர், வெளியே 2 மீட்டர் இடைவெளி.

ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையில் வேக எல்லை இல்லாத இடங்களில் பரிந்துரை 130 கி.மீ. பின்கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்த கார் கண் சிமிட்டுவதற்குள் முதுகில் நிற்கும். தாண்டி முடித்ததும் வலது லேனுக்கு வந்துவிடுங்கள். நெரிசலில் வண்டிகள் ஊர ஆரம்பித்ததுமே, சைரன் கேட்கும் வரை காத்திருக்காமல், இடது ஓர லேனில் இருப்பவர்கள் இடது பக்கமும் மற்ற எல்லோரும் வலது பக்கமும் ஒதுங்கி ஆம்புலன்சுக்கு நடுவில் வழிவிட வேண்டும். விடாவிட்டால் குறைந்தது 200 யூரோ அபராதம், உங்கள் பெயரில் 2 தண்டனைப் புள்ளி, ஒரு மாதம் ஓட்டத் தடை.

இன்னொன்று, இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறியதிலிருந்து 6 மாதம்தான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் உண்டு. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். உங்களுக்கு மிச்சம் 4 மாதம். காரைப் பார்ப்பதற்கு முன் டிரைவிங் ஸ்கூலில் பேசுங்கள்.